கோவில்பட்டிக்குக் குடிவர: வாடகையா, ஒத்தியா, பக்கத்து ஊரா?

மாதம் 25,000 ரூபாய் வருகிற ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கணவனுக்குக் கோவில்பட்டியில் தனியார் வேலை, மனைவிக்கு ஜவுளிக்கடையில் வேலை, பிள்ளை மூன்றாம் வகுப்பு. கையில் ஒன்றரை லட்சம் ரொக்கம், கொஞ்சம் நகை. சொந்தத்தில் வீடும் இல்லை, மனையும் இல்லை. வருகிற பள்ளி ஆண்டுக்குள் குடிவந்தாக வேண்டும்.

இவர்களுக்கு முன்னால் நாலு வழி இருக்கிறது: தனி வீட்டை வாடகைக்குப் பிடிக்கலாம், பல குடும்பங்கள் ஒரே வாசலுக்குள் இருக்கும் வளவு வீட்டில் ஒரு பகுதி எடுக்கலாம், மொத்தமாக ஒரு தொகை கொடுத்து வாடகை இல்லாமல் ஒத்திக்குப் போகலாம், கயத்தாறு, கழுகுமலை, எட்டயபுரம் பக்கம் குறைந்த வாடகையில் இருந்துகொண்டு தினமும் வந்துபோகலாம். அரசு உதவி ஏதாவது கிடைக்குமா என்ற கேள்வியும் கூடவே வரும். கீழே வரும் வாடகைத் தொகைகள் எல்லாம் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. தெருவுக்குத் தெரு அவை மாறும். உங்கள் தெருவின் தொகையைப் போட்டு அதே கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தனி வீடு, தனி மீட்டர்

வாடகை 6,000 என்று வைப்போம். இதில் முதலில் பார்க்க வேண்டியது மின் மீட்டரை. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஒரு சின்னக் குடும்பம் இரண்டு மாதத்தில் 180 யூனிட் ஓட்டினால் பில் 200 ரூபாயை ஒட்டித்தான் வரும். அதாவது மாதம் 100 ரூபாய். இந்தச் சலுகை இணைப்புக்குத்தான் உண்டு, குடும்பத்துக்கு இல்லை. அது ஏன் முக்கியம் என்பது வளவு வீட்டுக் கணக்கில் தெரியும்.

அடுத்தது தண்ணீர். கோவில்பட்டி கரிசல் மண். நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. குடிக்கிற தண்ணீர் சீவலப்பேரியிலிருந்து குழாய் வழியாக வரும் தாமிரபரணி. அது தினமும் வருவதில்லை என்பதால், எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்பதைத் தெருவில் நாலு பேரிடம் கேளுங்கள். வீட்டுக்காரரிடம் கேட்டால் "தண்ணிக்கு இங்க பஞ்சமே கிடையாது" என்றுதான் சொல்வார். தரைமட்டத் தொட்டி இருக்கிற வீட்டுக்கு 500 ரூபாய் கூடக் கொடுக்கலாம். தொட்டி இல்லாத வீட்டில் கோடையில் குடம் கணக்கிலும் லாரி கணக்கிலும் வாங்கும் தண்ணீர் அந்த 500-ஐ ஒரே மாதத்தில் தின்றுவிடும்.

கரிசல் இன்னொன்றும் செய்யும். மழைக்கு உப்பி, வெயிலுக்குச் சுருங்கும். அஸ்திவாரம் சரியில்லாத பழைய வீடுகளில் சுவரில் சாய்வாக விரிசல் ஓடும். புதிதாக வெள்ளையடித்த வீடாக இருந்தால் ஜன்னல், நிலைப்படி மூலைகளைக் கையால் தடவிப் பாருங்கள். விரிசலால் வீடு இடிந்துவிடப் போவதில்லை. ஆனால் காலி செய்யும்போது "நீங்க ஆணி அடிச்சதாலதான் வெடிச்சிருக்கு" என்று அட்வான்சில் பிடிக்கப்படும் பணம் அதுதான். குடிபோகிற அன்றே போனில் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்பிவிடுங்கள்.

அட்வான்ஸ் பற்றிச் சட்டம் இருக்கிறது. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் பற்றிய தமிழ்நாட்டுச் சட்டம் 2017-இல் வந்து, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. பலரும் இதோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் இந்த வரம்பு பொருந்தாது என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. பத்து மாத அட்வான்சுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு சட்டம் பேச முடியாது. பேச்சு கையெழுத்துக்கு முன்னால் நடக்க வேண்டும். காலி செய்தபின் ஒரு மாதத்துக்குள் முன்பணத்தைத் திருப்ப வேண்டும், தகராறு என்பதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது என்பவை குடியிருப்பவர் பக்கம் இருக்கிற பலம். ஆனால் இதெல்லாம் எழுத்தில் ஒப்பந்தம் இருந்து, அது வாடகை அதிகாரியிடம் பதிவாகியிருந்தால்தான் சுலபமாகக் கைகொடுக்கும். சின்ன ஊரில் வாய்ப்பேச்சுதான் ஒப்பந்தம். குறைந்தது ஒரு பத்திரத்தாளில் அட்வான்ஸ் எவ்வளவு, வாடகை எவ்வளவு, வெள்ளையடிக்கிற செலவு யாருடையது என்ற மூன்றையும் எழுதி வாங்குங்கள். வெள்ளையடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது இங்கே எழுதப்படாத வழக்கம். எழுதி வைத்தால் அரை மாதமாகக் குறைக்க முடியும்.

ஆக, தனி வீட்டுக்கு மாதம் 6,100 ரூபாய். ஐந்து மாத அட்வான்ஸ் 30,000 முடங்கிக் கிடப்பதற்கு வங்கி வட்டி 7 சதவீதம் என்று பார்த்தால் மாதம் 175. மொத்தம் 6,300-ஐ ஒட்டி.

வளவு வீடு

ஒரே வாசலுக்குள் ஆறேழு குடும்பம், பொதுக் கழிப்பறை, பொதுக் குழாய். தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிற குடும்பங்கள் அதிகம் இருக்கும் தெருக்களில் இந்த வகை வீடுகள்தான் கிடைக்கும். வாடகை 3,500 என்று வையுங்கள். தனி வீட்டைவிட 2,500 குறைவு என்று தோன்றும்.

அவ்வளவு மிச்சம் வராது. வளவில் பெரும்பாலும் ஒரே இணைப்பில் குடும்பத்துக்கு ஒரு சப்-மீட்டர் மாட்டி, யூனிட்டுக்கு 8 ரூபாய், 10 ரூபாய் என்று வீட்டுக்காரர் வாங்குவார். அதே 180 யூனிட்டுக்கு 8 ரூபாய் வீதம் 1,440. மாதத்துக்கு 720. அரசு கொடுக்கிற 100 யூனிட் இலவசம் உங்கள் வீட்டுக்கு வந்து சேராது. மோட்டார் செலவு, தண்ணீர்ப் பங்கு என்று இன்னொரு 150, 200 சேரும். 4,400 ஆகிவிடும். தனி வீட்டுக்கும் இதற்கும் உள்ள உண்மையான வித்தியாசம் 1,900 ரூபாய்தான்.

அந்த 1,900 சின்னத் தொகை இல்லைதான். மேலும் வளவில் பணத்தால் அளக்க முடியாத ஒரு வசதி உண்டு. இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் மாலை நாலரை மணிக்குப் பள்ளி விட்டு வரும் பிள்ளையைப் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்வார். ஜவுளிக்கடை வேலை இரவு ஒன்பதரைக்கு முன்னால் முடியாது என்பதை யோசித்தால் இதற்கு மதிப்பு அதிகம். பொதுக் கழிப்பறை ஒத்துவராது என்றால் இந்த வழியை இதோடு விட்டுவிடலாம். ஒத்துவரும் என்றால், தனியாக மின் இணைப்பு வாங்கிக்கொள்ள வீட்டுக்காரர் சம்மதிப்பாரா என்று கேட்டுப் பாருங்கள். செலவை நீங்களே ஏற்பதாகச் சொன்னால் சிலர் சம்மதிப்பார்கள். அதன்பின் வளவு வீட்டை மிஞ்சிய சிக்கனம் வேறு இல்லை.

ஒத்தி

மொத்தமாக ஒரு தொகை கொடுத்து, மூன்று வருடம் வாடகை இல்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது அதே தொகையைத் திரும்ப வாங்கிக்கொள்வது. வட மாவட்டங்களில் போக்கியம், லீஸ் என்பார்கள். "வாடகை கொடுத்தா போன காசு, ஒத்தின்னா திரும்ப வந்துரும்" என்று ஊரே சொல்லும். இந்தப் பேச்சை நம்பித்தான் நிறையப் பேர் கெட்டுப்போகிறார்கள். பணம் அப்படியே திரும்பி வரும் என்பது உண்மைதான். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்துத்தான் லாபமும் நட்டமும்.

6,000 வாடகை போகிற அதே வீடு 4 லட்சத்துக்கு ஒத்தி என்று வைப்போம். முழுத் தொகையும் சொந்தச் சேமிப்பு என்றால், வங்கியில் 7 சதவீதத்தில் போட்டிருந்தால் வரக்கூடிய 28,000 ரூபாய் வருட வட்டிதான் உங்கள் செலவு. மாதம் 2,330. நல்ல லாபம். நகையை வங்கியில் 10 சதவீதத்துக்கு அடகு வைத்துக் கொடுத்தால் மாதம் 3,330. இதுவும் லாபம்தான், நகை பத்திரமாகத் திரும்பும்வரை. தெருவில் 2 வட்டிக்கு வாங்கிக் கொடுத்தால்? நூற்றுக்கு மாதம் 2 ரூபாய். 4 லட்சத்துக்கு மாதம் 8,000. வாடகையைவிட 2,000 கூட. "வாடகை இல்லாத வீட்டுல இருக்கோம்" என்று சொல்லிக்கொண்டு வாடகையைவிடப் பெரிய தொகையை வட்டிக்காரரிடம் கொடுக்கிற குடும்பங்கள் இந்த ஊரில் ஒன்றிரண்டு இல்லை. 6,000 வாடகைக்கும் 4 லட்ச ஒத்திக்கும் சமநிலை வருடம் 18 சதவீதம், அதாவது ஒன்றரை வட்டி. அதற்கு மேல் கடன் வாங்கி ஒத்திக்குப் போவது வீண்.

வட்டிக் கணக்கு சரியாக வந்தாலும் அடுத்த ஆபத்து பத்திரத்தில் இருக்கிறது. சொத்து மாற்றுச் சட்டப்படி இது சுவாதீனத்துடன் கூடிய அடமானம். சட்டத்தின் கண்ணில் நீங்கள் கடன் கொடுத்தவர், வீட்டுக்காரர் கடன் வாங்கியவர். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட இத்தகைய அடமானம் பதிவு செய்யப்பட வேண்டும். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் ஆயிரக்கணக்கில் ஆகும் என்பதால் யாரும் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போவதில்லை. பத்திரத்தாளில் எழுதி இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு முடித்துக்கொள்கிறார்கள்.

அப்படி முடித்துக்கொண்ட வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்தால் என்ன ஆகும்? வீட்டுக்காரர் தவணை கட்டவில்லையென்றால் வங்கி 2002-ஆம் ஆண்டின் சர்பாசி சட்டப்படி வீட்டைக் கையகப்படுத்தி ஏலம் விடலாம். வங்கிக்குத் தெரியாமல், அதன் அடமானத்துக்குப் பின்னால் எழுதப்பட்ட ஒத்தி வங்கியைக் கட்டுப்படுத்தாது. நோட்டீசைக் கதவில் ஒட்டும் நாளில்தான் குடியிருப்பவருக்கு விஷயமே தெரியவரும். 4 லட்சத்தை வீட்டுக்காரரிடம் வழக்குப் போட்டு வாங்க வேண்டும். வீட்டையே கடனுக்குப் பறிகொடுத்தவரிடம் அதை எப்படி வாங்குவது?

அதனால் ஒத்திக்கு முன்னால் பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். வங்கியில் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கியிருந்தால் பெரும்பாலும் அதில் தெரியும். அதோடு நிற்காமல் மூலப் பத்திரத்தை அசலாகக் காட்டச் சொல்லுங்கள். ஜெராக்ஸ் மட்டும் காட்டினால், "அசல் மதுரையில மூத்தவன்கிட்ட இருக்கு" என்றால், அந்த வீட்டை விட்டுவிடுங்கள். அசல் பெரும்பாலும் ஏதாவது ஒரு பைனான்சில் இருக்கும். பத்திரம் இறந்துபோன அப்பா பேரில் இருந்தால் வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒத்தியைப் பதிவு செய்துவிட்டால் வில்லங்கச் சான்றில் உங்கள் பெயர் ஏறிவிடும். பிறகு வீட்டுக்காரர் அதே வீட்டைக் காட்டி வங்கியில் கடன் கேட்டால் உங்கள் ஒத்திதான் முன்னால் நிற்கும். பதிவுக்கு ஆகிற செலவை இருவரும் பாதிப் பாதியாகப் போட்டுக்கொள்ளலாம். அதற்குச் சம்மதிக்காத வீட்டுக்காரருக்கு 4 லட்சம் கொடுப்பதைப் பற்றி நான் யோசிக்கவே மாட்டேன்.

காலம் முடிந்ததும் பணம் உடனே வராது. "அடுத்த ஒத்திக்கு ஆள் வரட்டும்" என்பார்கள். பணம் வரும்வரை வீட்டில் இருந்துகொள்ளும் உரிமை ஒத்திக்காரருக்கு உண்டு. ஆனால் பிள்ளைக்கு வேறு ஊரில் கல்லூரி, உங்களுக்கு வேறு ஊரில் வேலை என்று வந்துவிட்டால் அந்த உரிமையால் பயனில்லை.

பாதி ஒத்தி, பாதி வாடகை என்று ஒரு நடுவழியும் இருக்கிறது. இதைப் பலர் கேட்பதே இல்லை. ஒன்றரை லட்சம் கொடுத்து வாடகையை 6,000-இலிருந்து 3,500-ஆகக் குறைப்பது. வட்டி இழப்பு மாதம் 875, மொத்தம் 4,375. வளவு வீட்டுச் செலவில் தனி வீடு. நம் குடும்பத்துக்கு இது ஆசைகாட்டும். ஆனால் கையில் இருக்கும் ரொக்கம் மொத்தமும் அதில் போய்விடும். ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் நகைதான் அடகுக்கடைக்குப் போகும். ஒரு லட்சத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பக்கத்து ஊர்

வாடகை 2,500 என்று வையுங்கள். பெண்களுக்கு அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே முதல் பயணம் இலவசம் என்பதால் மனைவிக்குப் பஸ் செலவு இல்லை. கணவனுக்கு ஒரு வழிக்கு 15 ரூபாய் என்றால் 26 நாளுக்கு 780. மொத்தம் 3,300-ஐ ஒட்டி. எல்லா வழிகளிலும் இதுதான் குறைவு. கணவன் பைக்கில் போனால் கணக்கு மாறும்: தினம் 30 கிலோமீட்டர், லிட்டருக்கு 50 என்றால் மாதம் பதினைந்தரை லிட்டர் பெட்ரோல், 1,600 ரூபாய்.

இலவசம் எந்தப் பேருந்தில் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். மதுரை, திருநெல்வேலி மார்க்கத்தில் போகும் புறநகர்ப் பேருந்தில் ஏறினால் டிக்கெட் எடுத்தாக வேண்டும். ஜவுளிக்கடை இரவு ஒன்பதரைக்கு விட்டால் நகரப் பேருந்து இருக்குமா என்பதுதான் இந்த வழியின் தலையெழுத்தையே தீர்மானிக்கும். தீபாவளிக்கு முந்தின வாரங்களில் கடை பதினொன்றுக்கு அடைப்பார்கள். ஆசிரியர், அலுவலக ஊழியர் போல ஐந்து மணிக்கு வேலை முடிகிறவர்களுக்கு இந்த வழி பொருந்தும். கடை வேலைக்குப் பொருந்தாது.

அரசு உதவி

மாதா மாதம் வாடகைக்கென்று அரசு பணம் தருகிற பொதுத் திட்டம் தமிழ்நாட்டில் இல்லை. வாடகைக்கென்று நேரடியாகக் கிடைக்கிற தொகை மிகக் குறுகிய வட்டத்துக்கு: நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் பழைய குடியிருப்பை இடித்துக் கட்டும்போது வெளியேறும் குடும்பங்களுக்கு 24,000 ரூபாய் கருணைத் தொகை. வருமான வரியில் வாடகைக்குக் கழிவு உண்டு, பழைய வரி முறையில் மட்டும். மாதம் 25,000 வாங்குகிறவருக்கு வரியே வராது என்பதால் அதைப் பேசிப் பயனில்லை.

மற்றவை பெரும்பாலும் சொந்த வீட்டுக்குத்தான். பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டம் 2.0-இல் பட்டா மனை உள்ளவர் வீடு கட்ட மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து இரண்டரை லட்சம் வரை கொடுக்கின்றன. மனை இல்லாதவர் கடனில் வீடு வாங்கினால் வட்டி மானியம் 1.80 லட்சம் வரை, ஐந்து வருடத் தவணையில். வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள், குடும்ப வருமானம் வருடம் 9 லட்சத்துக்குள், நாட்டில் எங்குமே உறுதியான சொந்த வீடு இருக்கக் கூடாது. அதே திட்டத்தில் மலிவு வாடகை வீட்டுப் பிரிவும் இருக்கிறது, ஆனால் அது ஆலைகள் குவிந்த இடங்களை நோக்கித்தான் போகிறது. கிராமத்தில் குடிசையில் இருப்பவருக்குக் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் மூன்றரை லட்சம் உண்டு. நம் குடும்பம் இவற்றில் இன்று நுழையக்கூடியது வட்டி மானியம் ஒன்றில்தான். அதற்கும் 25,000 வருமானத்தில் வங்கி எவ்வளவு கடன் கொடுக்கும் என்பது தனிக் கதை.

வாரியக் குடியிருப்பில் ஒதுக்கீடு பெற்றவர் உள்வாடகைக்கு விடுவதாக யாராவது சொன்னால் போகாதீர்கள். ஒதுக்கீட்டு விதி அதை அனுமதிப்பதில்லை. அதிகாரி வந்தால் உங்கள் அட்வான்சுக்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள்.

எந்தூரு, யாரு வீட்டு ஆளுக?

கணக்கெல்லாம் சரியாகப் போட்டுக்கொண்டு போய் நின்றால், வாடகை பேசுவதற்கு முன்னால் வீட்டுக்கார அம்மா கேட்கும் கேள்வி இது. சாதி என்ன என்பதை இப்படித்தான் கேட்பார்கள். கறி சமைப்பீர்களா, எத்தனை பேர் வந்துபோவார்கள் என்பதெல்லாம் பிறகு. சில தெருக்களில் சில பேருக்கு வீடு கிடைக்காது. கிடைத்தாலும் அதே வீட்டுக்கு ஐநூறு, ஆயிரம் கூடச் சொல்வார்கள். இது அநியாயம். வாடகைச் சட்டம் இந்த இடத்தில் வந்து நிற்பதில்லை. ஒப்பீட்டில் இதைச் சேர்க்காமல் விட்டால் பாதிப் பேருக்கு மேலே சொன்ன எதுவுமே பொருந்தாது. கல்லூரியைச் சுற்றியும் புதிதாக மனை பிரித்த பகுதிகளிலும் இந்தக் கேள்வி கொஞ்சம் குறைவு, காரணம் அங்கே வீட்டுக்காரர்களும் வெளியூர்க்காரர்கள். ஆனால் அங்கே வாடகை கூடுதல், கடைத்தெரு தூரம்.

வீடு தேடப் புரோக்கரைவிட இஸ்திரி போடுகிறவரும் பால் ஊற்றுகிறவரும் மேல். எந்த வீடு எப்போது காலியாகும், முன்பு இருந்தவர் ஏன் போனார் என்பது அவர்களுக்குத் தெரியும். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை தரகு; இவர்களுக்கு ஒரு நன்றி போதும்.

எதை எடுப்பது

நம் குடும்பத்துக்கு என் தேர்வு: முதல் வருடம் தனி மீட்டரும் தொட்டியும் உள்ள வீட்டில் சாதாரண வாடகை, கடைத்தெருவுக்கு நடக்கிற தூரத்தில். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்றால் தனி இணைப்புக்குச் சம்மதிக்கிற வளவு வீடு. ஒரு வருடத்தில் வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர் என்பது தெரிந்துவிடும்: மோட்டார் ரிப்பேரானால் ஓடி வருகிறாரா, வங்கிக்காரர்கள் அவரைத் தேடி வருகிறார்களா என்று. அதன்பின் அதே வீட்டில் ஒரு லட்சம் கொடுத்துப் பாதி ஒத்தியாக மாற்றிக்கொள்ளலாம், பதிவு செய்து. முழு ஒத்தி, சொந்தப் பணம் 4 லட்சம் சேர்ந்தவர்களுக்கு மட்டும்.

எப்போது பேசுவது என்பதிலும் காசு இருக்கிறது. மே, ஜூனில் பள்ளி திறக்கும் நேரம் எல்லோரும் தேடுவார்கள், வீட்டுக்காரர் சொல்வதுதான் விலை. ஆடியில் யாரும் பால் காய்ச்சிக் குடிபோக மாட்டார்கள். ஆனியில் காலியான வீடு ஆடி முழுக்கப் பூட்டிக் கிடக்கும். வாடகையில் 500 குறைக்கவும் அட்வான்சை மூன்று மாதமாக இறக்கவும் அதுதான் சமயம். பிள்ளையை ஜூனிலேயே பள்ளியில் சேர்த்துவிட்டு, இரண்டு மாதம் சொந்தக்காரர் வீட்டிலோ பக்கத்து ஊரிலோ சமாளிக்க முடியுமானால், ஆடியில் பேசி முடித்து, டோக்கன் அட்வான்ஸ் கொடுத்து, ஆவணி முதல் முகூர்த்தத்தில் குடிபோங்கள். டோக்கனுக்கு ரசீது வாங்கும்போது, எந்தத் தேதியிலிருந்து வாடகை என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஆடி மாத வாடகையையும் சேர்த்துக் கேட்பார்கள்.